கோர்புவா, புக்கிட் குத்துவா, பெலும் காடா? கரடி உலவும் மலையில் ஓர் இரவு

"தம்பி, அந்தக் காட்டுல கரடி இருக்காமே, உண்மையா?" அக்கா இதைக் கேட்டபோது அவர் கையில் இருந்த கோப்பி மங்கு அப்படியே நின்றது. அக்காவின் மகனுக்கு 19 வயது, மகளுக்கு 17. இருவரும் என்னோடு மலையில் ஓர் இரவு தங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். என் மனைவியின் அண்ணனும் வருகிறார். மச்சானுக்கு 52 வயது, ஏற்றத்தில் நன்றாக நடப்பார், இறக்கத்தில் இடது முழங்கால் வலிக்கும். தோட்டத்து லயத்தில் என்னோடு ஒன்றாக வளர்ந்த நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். ஆக ஐந்து பேர். இவர்களில் நானும் நண்பரும் மட்டுமே இதற்கு முன் காட்டில் தூங்கியிருக்கிறோம்.

பேராக்கில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் விடிகாலையில் கிழக்கே பார்த்தால் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாகத் தெரியும். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரம் எனும் ரப்பர், இப்போது பாதிக்கு மேல் செம்பனை. அவற்றுக்கு அப்பால் அந்த மலை. சின்ன வயதில் அங்கே போகக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பயத்தை அறியாமலும் அவர்களைக் கூட்டிப்போக மனம் வரவில்லை. அதனால் ஒரு மாதமாக உட்கார்ந்து எங்கே போகலாம், எப்படித் தங்கலாம், சாப்பாட்டை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே யோசனையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கரடி. அக்காவிடம் "ஆமா, இருக்கு" என்றே சொன்னேன். நம் காட்டில் இருப்பது சூரியக் கரடி. மலாய்க்காரர்கள் பெருவாங் மத்தாஹாரி என்பார்கள், தேன்கரடி என்றும் சொல்வதுண்டு. உலகில் உள்ள எட்டு வகைக் கரடிகளில் இதுதான் மிகச் சிறியது. எடை 25 முதல் 65 கிலோ வரை. நெஞ்சில் மஞ்சளாக ஒரு பிறை. நாக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். கறையான், வண்டுப் புழு, அத்திப்பழம், கெலுலுட் எனும் கொட்டாத தேனீயின் தேன் இவைதான் அதன் சாப்பாடு. மரப்பொந்துக்குள் கெலுலுட் கூடு இருந்தால் உயிருள்ள மரத்தையே நகத்தால் கிழித்துத் திறந்துவிடும். குளிர்காலத் தூக்கம் நம் கரடிக்குக் கிடையாது, வருஷம் முழுக்க நடமாடும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு அது. அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. நாம் போகும் இடம் அதன் வீடு என்பதை மறக்கக் கூடாது.

சிறியது என்றதும் அக்கா முகம் தெளிந்தது. ஆனால் முழுசாகத் தெளிய நான் விடவில்லை. அதன் தாடையும் நகமும் உடம்பின் அளவுக்குப் பொருந்தாத பலம் கொண்டவை. திடீரென்று பக்கத்தில் போய் நின்றால், குட்டியோடு இருந்தால், பயத்தில் பாய்ந்துவிடும். மனிதனைத் தேடி வரும் விலங்கு இல்லை, திடுக்கிட வைத்தால் ஆபத்தான விலங்கு. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே வந்துவிடும்.

சரி, எங்கே போவது?

பிள்ளைகள் இருவரும் கேட்டது கோர்பு. 2,183 மீட்டர், தீபகற்ப மலேசியாவில் இரண்டாவது உயரமான மலை. முதலிடத்தில் இருக்கும் தஹானை விட நான்கே நான்கு மீட்டர் குறைவு. எங்கள் ஊரிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வழியாக உலு கிந்தா அணைக்குப் போனால் பாதை அங்கிருந்து தொடங்குகிறது. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு மலை இருக்க வேறு எங்கே போவது என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் உயரத்தைப் பார்த்தவன் ஏற்றத்தைப் பார்க்கவில்லை. அணை இருக்கும் இடம் தாழ்வானது. அங்கிருந்து உச்சிக்கு 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், மறுநாள் அதே அளவு இறங்க வேண்டும். ஒரே இரவு தங்கி முடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாரந்தோறும் மலை ஏறிப் பழகிய கால்கள். கடைசி நீர்நிலையைத் தாண்டினால் தண்ணீரையும் முதுகில் சுமக்க வேண்டும், ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் அதுவே மூன்று கிலோ. மச்சானின் முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டாம் நாள் இறக்கத்தை நினைத்துப் பார்த்தேன். இருட்டில்தான் அணைக்கு வந்து சேர்வோம். கரடியைத் திடுக்கிட வைக்க அதைவிட நல்ல வழி இல்லை: களைத்துப்போய், பேச்சில்லாமல், தலை குனிந்து, அந்தி நேரத்தில் நடப்பது.

அடுத்தது புக்கிட் குத்து. கோலா குபு பாருவுக்குப் பக்கத்தில், 1,053 மீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் அதன் உச்சியில் ஓய்வு பங்களா இருந்தது, இன்று புகைபோக்கி மட்டும் காட்டுக்குள் தனியாக நிற்கிறது. அந்தக் காட்சிக்காகவே ஒருமுறை போக வேண்டும். ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் போதும், பெரிய பாறைகளுக்கு நடுவே போகும் பாதை அழகானது. ஆனால் வழியில் ஆற்றைக் கடக்க வேண்டும். காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மாலை மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. உச்சியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போவதும் சரியில்லை. எங்களுக்கு இன்னொரு சிரமம் தூரம். பிளஸ் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் போய், ஏறி, தூங்கி, இறங்கி, களைப்போடு திரும்ப ஓட்ட வேண்டும். மலைப் பயணத்தில் மிக ஆபத்தான பகுதி வீடு திரும்பும் சடக்கு, அதாவது சாலை, என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நுவாங் மலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உலு லங்காட் பக்கம், 1,493 மீட்டர். லோலோ முகாம் வரைக்கும் முடிவே இல்லாத மண்சாலை, அதற்கு மேல் செங்குத்து. நடுவில் இருக்கும் ஒரு முகாமின் பெயரே பாச்சாட், அதாவது அட்டை. கோலாலம்பூர் ஆட்களுக்கு நல்ல பயிற்சி மலை. பேராக்கில் இருக்கும் நாங்கள் அவ்வளவு தூரம் போகக் காரணம் இல்லை.

பெலும் வேறு விதம். கிரிக் தாண்டி பண்டிங் தீவுப் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து படகில் தெமெங்கோர் ஏரியைக் கடந்து உள்ளே போக வேண்டும். ராயல் பெலும் மாநிலப் பூங்கா 1,17,500 ஹெக்டர், 2007இல் அரசிதழில் பதிவானது. யானை, புலி, தப்பீர், பத்து வகை இருவாச்சி, சூரியக் கரடி எல்லாம் அங்கே உண்டு. விலங்கின் தடத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால் நான் பெலும் என்றுதான் சொல்வேன். விலங்குகள் உப்பு நக்க வரும் நிலத்தில் பதிந்த குளம்படியையும் மரத்தில் கீறிய நகத்தையும் வழிகாட்டி காட்டிக்கொடுப்பார். மச்சானின் முழங்காலுக்கும் சிரமம் இல்லை, படகு பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் படகுச் செலவு ஐந்து பேருக்கு அதிகம், பத்துப் பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். அவசரம் என்றால் வெளியே வர ஒரே வழி அந்தப் படகுதான். அப்புறம், அது மலை இல்லை. மருமகள் அதைக் கேட்டதும், "மாமா, நாங்க மலைக்குத்தானே போறோம்னு சொன்னோம்?" என்றாள்.

தஹானை யாரோ சொன்னார்கள். மெராப்போ வழியாகப் போனாலே மூன்று நான்கு நாள் ஆகும். ஓர் இரவுப் பேச்சில் அதற்கு இடமில்லை.

இவற்றை எல்லாம் எதை வைத்து எடை போடுவது என்று யோசித்தபோது கரடி என் பட்டியலில் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. முதலிடம் தண்ணீருக்கும் சரிவுக்கும். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். விடுமுறைக்கு வந்த சாதாரணக் குடும்பங்கள், நம்மைப் போன்றவர்கள். அன்றைக்குப் பிறகு கூடாரம் போடுகிற இடத்தைப் பார்க்கும்போது, இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். ஆற்றோர முகாமுக்கு இன்னோர் ஆபத்து உண்டு, கெப்பாலா ஆயர். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், ஆறு கலங்கி, இலையும் குச்சியுமாக வந்து, சில நிமிஷத்தில் சுவர் போல ஏறிவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, அதன் சத்தம் மாறினாலோ, எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் கரடியைப் பற்றிச் சொன்னதைவிட இரண்டு மடங்கு நேரம் சொன்னேன்.

இரண்டாவது, வெளியே வரும் வழி. ஒருவருக்குக் கால் பிசகினால் எத்தனை மணி நேரத்தில் காருக்கு வர முடியும்? கோர்பு உச்சிக்குப் பக்கத்தில் என்றால் ஒரு முழு நாள். இந்தக் கேள்விதான் கடைசியில் எங்களுக்கு வழியைக் காட்டியது.

நாங்கள் எடுத்திருக்கும் முடிவு இது: கோர்புவுக்கே போகிறோம், உச்சிக்குப் போகவில்லை. அணையிலிருந்து காலையிலேயே கிளம்பி, பிற்பகல் மழைக்கு முன் கீழ் முகாமான செரோஜாவைச் சேர்வது. அங்கே இரவு தங்குவது. மறுநாள் காலை, தெம்பு உள்ளவர்கள் மலை வழிகாட்டியான மாலிம் குனோங்கோடு ஒன்றிரண்டு மணி நேரம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவது, மற்றவர்கள் கோப்பி போட்டுக்கொண்டு முகாமிலேயே இருப்பது, மதியம் எல்லாரும் சேர்ந்து இறங்குவது. மருமகனுக்கு முகம் சுருங்கியது. உச்சிக்குப் போகாத மலை ஒரு மலையா என்றான். அடுத்த வருஷம் உச்சிக்குப் போகலாம், அதற்குள் வாரம் ஒருமுறை பக்கத்துக் குன்றுகளில் சுமையோடு நடந்து காட்டு என்றேன். ஒத்துக்கொண்டான். முதல் இரவில் கற்றுக்கொள்ள வேண்டியது காட்டில் எப்படித் தூங்குவது, எப்படிச் சமைப்பது, எப்படி எழுந்திருப்பது என்பவைதான், அதற்குச் செரோஜா போதும். வீட்டுக்கும் பக்கம்.

இனி, எதில் தூங்குவது என்ற கேள்வி. நண்பர் தூளிக் கட்சி, நான் கூடாரக் கட்சி. இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்டி, மேலே ஒரு ஃப்ளை விரிப்பை இழுத்துக் கட்டினால் எடை குறைவு, தரை ஈரமாக இருந்தாலும் கவலை இல்லை, அட்டையும் எளிதில் ஏறாது. கூடாரம் கனம், ஆனால் இருவர் மூவர் சேர்ந்து படுக்கலாம், காட்டில் முதல் தடவை படுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய தைரியம். அதனால் பிள்ளைகளும் நானும் கூடாரத்தில், மச்சானும் நண்பரும் தூளியில். எதில் படுத்தாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருக்கக் கூடாது, தூளி கட்டும் மரம் பட்டமரமாக இருக்கக் கூடாது. பால்மரக் காட்டில் காற்றடித்தால் கிளை முறிந்து விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சாப்பாட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஏனென்றால் கரடிக் காட்டில் தங்குவதைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்க ஆலோசனை. அங்கே யோசெமிட்டி பூங்காவில் கனமான பிளாஸ்டிக்கில் செய்த கரடிப் பெட்டியில்தான் உணவை வைக்க வேண்டும் என்பது விதி. காலிப் பெட்டியே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். சமைக்கும் இடம், உணவு வைக்கும் இடம், தூங்கும் இடம் மூன்றையும் ஏறக்குறைய 90 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக வைக்கச் சொல்கிறார்கள். அவர்களுடைய கருங்கரடிக்கும் பழுப்புக் கரடிக்கும், அவர்களுடைய திறந்த பைன் காட்டுக்கும் அது சரி. நம் காட்டில் இரவில் 90 மீட்டர் தனியாக நடந்து போனவர் திரும்பி வர வழி தெரியாமல் நின்றுவிடுவார். தூரத்தைக் குறைக்க வேண்டும், கொள்கையை விடக் கூடாது.

மரத்தில் கட்டித் தொங்கவிடுவது பழைய முறை. சூரியக் கரடி மரம் ஏறுவதற்கென்றே பிறந்தது போன்ற விலங்கு, மரத்தின் மேலேயே கிளையை வளைத்துக் கூடு கட்டித் தூங்கும். குரங்குக்கோ தொங்கும் பை ஒரு விளையாட்டுப் பொருள். எனவே வெறும் கயிறும் துணிப்பையும் எனக்குச் சரிப்படவில்லை. கூடாரத்துக்குள் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். மோப்பம் பிடித்து வருகிற விலங்குக்கும் உணவுக்கும் நடுவில் நம் தலை இருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது இறுக மூடும் வாயகலப் பிளாஸ்டிக் பீப்பாய், மீன்பிடிக்கப் போகிறவர்கள் சாமான் நனையாமல் வைத்துக்கொள்வது போன்றது. கரடி விடாப்பிடியாகக் கடித்தால் அது தாங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசனையை அடக்கும், எலியையும் குரங்கையும் காட்டுப்பன்றியையும் நிறுத்தும். உண்மையில் நம் முகாம்களுக்கு இரவில் வருவது பெரும்பாலும் இவைதான். எலியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் நம் நாட்டில் ஆளைக் கொல்லும் நோய். சிந்திய சோறு எலியைக் கூப்பிடும், எலி மூத்திரம் தண்ணீரில் கலக்கும், அதை நாம் கொதிக்க வைக்காமல் குடிப்போம். ஆகவே பீப்பாயைத் தூங்கும் இடத்திலிருந்து முப்பது நாற்பது காலடி தள்ளி, ஆற்றங்கரையில் இல்லாமல், இரண்டு வேர்களுக்கு நடுவே செருகி வைப்பது. முகாமிலிருந்து அதுவரை ஒரு கயிறு கட்டிவிடுவது, இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய் வரலாம். பற்பசை, சோப்பு, முகப்பூச்சு எல்லாம் அதற்குள்ளேதான். மருமகளின் இனிப்பு மிட்டாயும்தான்.

என்ன சமைப்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மச்சான் கருவாடு கொண்டுவரப் போவதாகச் சொன்னார். லயத்தில் ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் கடைசி வீட்டுக்குத் தெரியும், காட்டில் சொல்லவே வேண்டாம். பிளாச்சான் எனும் இறால் விழுது போட்ட சம்பலும் அப்படித்தான். முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறு, அதை நடக்கும்போதே முடித்துவிடலாம். இரவுக்குச் சோறும் பருப்பும், ஐந்து மணிக்கெல்லாம் சமைத்து ஆறரைக்குள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்துவிட வேண்டும். காலையில் பசியாற ரொட்டியும் மைலோவும். மிச்சத்தைப் புதைக்கக் கூடாது, புதைத்ததைத் தோண்டுவது பன்றிக்கும் கரடிக்கும் கைவந்த வேலை. எல்லாக் குப்பையும் பீப்பாயில் திரும்பி வரும். நமக்குப் பின்னால் வருகிறவர்கள் படுக்கும் இடத்தில் கரடிக்கு நாம் சாப்பாடு வைத்துவிட்டு வரக் கூடாது.

நடக்கும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பாட்டி. காட்டோர நிரையில் பால் எடுக்க ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு போகும்போது பால்வாளியை உளியால் தட்டிக்கொண்டே போவார்களாம். "நாம வர்றது அதுக்குத் தெரியணும், அது போறது நமக்குத் தெரிய வேணாம்" என்பார். காட்டில் அதையே செய்யப் போகிறோம். திருப்பங்களிலும் ஆற்றுச் சத்தம் அதிகமான இடங்களிலும் உரக்கப் பேசிக்கொண்டு, ஐவரும் கூட்டமாக. பிள்ளைகளுக்குக் காதில் பாட்டுக் கருவி கிடையாது. கரடியைத் தூரத்தில் பார்த்துவிட்டால் நிற்க வேண்டும், மெதுவாகப் பேசிக்கொண்டே முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகர வேண்டும். ஓடக் கூடாது, மரம் ஏறுவதில் பயனே இல்லை. குட்டி கண்ணில் பட்டால் படம் எடுக்க நிற்கவே கூடாது. மிக நெருக்கத்தில் பாய்ந்துவிட்டால் முதுகுப்பையைக் கழற்றாமல், கழுத்தையும் முகத்தையும் கையால் மூடிக் குனிய வேண்டும்.

ஜூன் கடைசி வாரம் என்று நாள் குறித்திருக்கிறோம். ஏப்ரல், மே மழையும் அக்டோபர், நவம்பர் மழையும் இல்லாத இடைவெளி அது. பிற்பகல் இடிமழை அப்போதும் வரலாம், அதனால்தான் காலைப் பயணம். வன இலாகா பெர்மிட்டுக்கு ஐந்து பேரின் மைகார்ட் அடையாள அட்டை நகலும் சேர்ந்துவிட்டது, மாலிம் குனோங்கிடம் பேசியாகிவிட்டது. முந்தின மூன்று நாள் மலையில் கனத்த மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது என்று இப்போதே எல்லாரிடமும் வாக்கு வாங்கியிருக்கிறேன், வாகனத்தில் ஏறிய பிறகு யாருக்கும் திரும்ப மனசு வராது. எந்த வழியாகப் போகிறோம், எந்த முகாம், ஞாயிறு எத்தனை மணிக்குள் தொலைபேசி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தார். "அந்த பீப்பாயை மட்டும் நல்லா மூடுங்க" என்றார்.